நெருப்பு யாருடையது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அந்த அலைச்சலில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் முழுக்கப் படிக்கிறாள். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொன்னதும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்கப் பழங்குடிக் கதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவே என்று எழுதியிருந்தாய். நிறையவே ஒத்துப்போகும். பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1964 முதல் 1971 வரை நான்கு தொகுதிகளாக எழுதியது இதைப் பற்றித்தான். பறவைக் கூட்டுக்காக ஏறி மேலேயே மாட்டிக்கொண்ட பையன் ஒருவனின் கதையை பிரேசிலின் பொரோரோ மக்களிடமிருந்து எடுத்து, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வட அமெரிக்காவின் கிளாமத் மக்களிடமும் அவனையே காட்டுகிறார். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. இந்தக் கதைகள் பலவற்றில் நெருப்பையோ வெளிச்சத்தையோ யாரும் கண்டுபிடிப்பதில்லை, அது ஏற்கெனவே யாரோ ஒருவரின் சொத்தாக இருக்கிறது, மனிதர்கள் அதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பிரேசிலின் கயாப்போ மக்கள் சொல்வதைக் கேள். பஞ்சவர்ணக்கிளிக் கூட்டுக்காகப் பாறைமேல் ஏறிய பையனை, அக்காள் புருஷன் கோபத்தில் ஏணியை எடுத்துவிட்டு அங்கேயே விட்டுப் போகிறான். பல நாள் பட்டினி. அந்த வழியாக வில்லும் அம்புமாக, வேட்டையாடிய விலங்கைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜாகுவார் (சிறுத்தை போன்ற அந்த ஊர்ப் பெரும்பூனை) வருகிறது. தரையில் விழுந்த நிழலைப் பார்த்து நிமிர்ந்து, பையனை இறக்கி, முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அங்கேதான் அவன் முதன்முதலாக நெருப்பைப் பார்க்கிறான், சுட்ட இறைச்சி தின்கிறான். ஜாகுவாரின் மனைவிக்கு அவனைப் பிடிக்கவில்லை, நகத்தைக் காட்டி மிரட்டுகிறாள். ஜாகுவாரே கொடுத்த வில்லால் அவளைக் கொன்றுவிட்டு ஊருக்கு ஓடுகிறான். பிறகு ஊரே திரண்டு வந்து நெருப்பையும் வில்லையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. இன்று ஜாகுவார் பல்லால் வேட்டையாடிப் பச்சையாகத் தின்கிறது. நெருப்பில் அதற்கு மிஞ்சியது கண்ணில் தெரியும் பிரதிபலிப்பு மட்டும்தான். வளர்த்த பிள்ளையே செய்த துரோகத்தை இந்த மக்கள் கொஞ்சமும் மறைக்காமல் சொல்கிறார்கள் பார், எனக்கு அது பெரிய நேர்மையாகப் படுகிறது.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரையில் ட்லிங்கிட், ஹைடா மக்களிடம் வெளிச்சம் ஒரு கிழவனின் பெட்டிக்குள் இருக்கிறது. அண்டங்காக்கை மர இலையாக மாறித் தண்ணீரில் மிதந்து, கிழவனின் மகள் அதைக் குடித்து, அவள் வயிற்றிலேயே குழந்தையாகப் பிறக்கிறது. அப்புறம் பெட்டி வேண்டுமென்று ஓயாமல் அழுகை. பேரப்பிள்ளை அழுதால் எந்தத் தாத்தா தாங்குவார்? நீயே இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறாய்.

எல்லா இடத்திலும் திருட்டுதான் என்றும் சொல்ல முடியாது. பிரேசில்காரர் கூட்டோ டி மகல்யாயிஸ் 1876-இல் அச்சிட்ட அமேசான் கதையில் இரவே பெரும்பாம்பின் சொத்து, ஒரு பனங்கொட்டைக்குள் வைத்துப் பிசினால் அடைத்திருக்கிறது. பாம்பின் மகள் கேட்டதற்குக் கொடுத்தும் அனுப்புகிறது. கொண்டுவந்த வேலைக்காரர்கள் உள்ளே தவளையும் பூச்சியும் கத்துவதைக் கேட்டுப் பொறுக்காமல் பிசினை உருக்கித் திறந்துவிடுகிறார்கள். அவர்கள்தான் குரங்குகள் ஆனார்களாம், பிசின் பட்ட தடம் இன்னும் உடம்பில் இருக்கிறதாம். வட அமெரிக்காவின் செரோக்கி மக்களின் கதையிலும் இப்படி உடம்பில் தடம் விழுகிறது: நெருப்பை எடுக்கப் போன ஆந்தைக்கு அனல் காற்று பட்டுக் கண் சிவந்தது, அண்டங்காக்கை கருகியது, கடைசியில் எடுத்து வந்தது நீர்ச்சிலந்தி, நூலால் ஒரு கிண்ணம் நெய்து முதுகில் வைத்து.

அதனால் 'ஒரே கதை' என்று ஒதுக்கிவிடாமல், பொருள் முதலில் யாருடையது, இழந்தவனுக்கு என்ன ஆனது என்று மட்டும் பார்த்துக்கொண்டு மறுபடி படி. எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது அப்படித்தான். படித்துவிட்டு எழுது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
ரகு