இது செத்தவீட்டு நன்றி நவிலல் அல்ல

பத்திரிகையில் வரும் நன்றி நவிலல் எப்படி இருக்கும் என்று எங்கள் ஈழத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செய்தி கேட்டு ஓடோடி வந்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், உணவு தந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் என்று வரிசையாகப் போகும். மூன்றாம் ஆண்டு மானிடவியல் பாடத்துக்கு நான் எழுதிய கட்டுரையே மரண அறிவித்தல்களையும் முப்பத்தோராம் நாள் கையில் தருகிற கல்வெட்டுகளையும் பற்றியதுதான். அது போன கிழமை ஒரு மாணவர் ஆய்விதழில் வெளியானது, அதனால் என் நன்றியையும் அதே பாணியில் எழுதிவிடுகிறேன். யாரும் சாகவில்லை. நான்தான் இடையில் இரண்டு தரம் சாகக் கிடந்தேன்.

முதலில் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற அன்ரி. கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சோழர் காலத்துக் கல்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி எல்லாம் அச்சிட்ட சின்னப் புத்தகம். அன்ரியிடம் ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தது. "எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை, கொண்டு போ" என்றார். என் கட்டுரையின் அரைவாசி அந்தச் சூட்கேஸ்தான்.

அப்புறம், இதழில் போடமுன் கட்டுரையை வாசித்துக் கருத்துச் சொல்லும், பெயர் தெரியாத மதிப்பாய்வாளர்களுக்கு. இரண்டு பேர் வாசித்தார்கள், நான் யார் என்று அவர்களுக்கும் தெரியாது (தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கோப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன், ஆனால் அது மச்சாளின் லப்டொப், அதன் விபரப் பகுதியில் அவள் பெயர் இருந்ததைப் பதிப்பாசிரியர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார், மச்சாள் இப்போது தானும் எழுத்தாளர் என்கிறாள்). ஒருவர் பாராட்டிவிட்டு நாலு காற்புள்ளி திருத்தினார். மற்றவர் கேட்ட ஒரு கேள்வி என்னை மூன்று கிழமை தூங்க விடவில்லை. அறிவித்தலின் அடியில் தொடர்புக்கு என்று வரும் பெயர்களில் மருமகன் என்பதை ஏழாம் பக்கத்தில் 'நெவ்யூ' என்று எழுதியிருந்தேன், பதினோராம் பக்கத்தில் 'சன் இன் லோ' என்று எழுதியிருந்தேன், பெறாமகனையும் 'நெவ்யூ' என்றே போட்டிருந்தேன். "ஒரு சொல் ஏன் இரண்டாகிறது, இரண்டு சொல் ஏன் ஒன்றாகிறது?" என்று கேட்டிருந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவிடம் போனேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, "தமையன்ரை பிள்ளையும் தங்கச்சியின்ரை பிள்ளையும் ஒண்டோ?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஓர் ஆணுக்குத் தமையன் தம்பியின் மகன் பெறாமகன், அதாவது பெறாத குறை ஒன்றுதான், மற்றபடி மகன்தான். அக்கா தங்கையின் மகன் மருமகன், ஏனென்றால் தன் மகளைக் கட்டக்கூடிய முறை அவனுக்கு இருக்கிறது. ஆக மருமகன் என்ற சொல்லுக்குள்ளேயே கல்யாணம் இருக்கிறது, நான்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது அதைத் தொலைத்துவிட்டேன். கட்டுரையின் நடுப்பகுதியை முழுக்கத் திரும்ப எழுதினேன். இப்போது அதில் மிக நன்றாக இருக்கிற பகுதி அதுதான், அது அம்மாவுடையது.

பேராசிரியருக்கு இரண்டு காரணங்களுக்காக நன்றி. இந்தக் குழப்பத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறைப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். அமெரிக்கப் பழங்குடியினரான செனெக்கா மக்கள் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்றே அழைப்பதைக் கவனித்திருந்த மோர்கன், தமிழ்நாட்டில் இருந்த ஓர் அமெரிக்க மிஷனரி மூலம் தமிழ் உறவுச் சொற்களை அறிந்து, இரண்டும் ஒத்துப்போவதில் திகைத்துப் போனாராம். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று அவர் தாவியது வேறு கதை. ஆனால் நான் இருப்பதோ கனடாவில், ஒன்ராறியோ ஏரியின் வடகரை, செனெக்கா நாடு அதற்குத் தெற்கே. அம்மாவின் வெங்காயப் பலகையிலிருந்து அவ்வளவு தூரம் போகலாம் என்று யார் நினைத்தது?

இரண்டாவது காரணம் அவ்வளவு இனிமையானதல்ல. நான் ஏழு குடும்பங்களோடு கதைத்திருந்தேன். கையொப்பம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் 'பாட வேலைக்காக மட்டும்' என்று இருந்தது. இதழுக்கு அனுப்பும் உற்சாகத்தில் நான் அதை மறந்தே போனேன், பேராசிரியர்தான் பிடித்தார். வகுப்புக்குக் கிடைத்த அனுமதி அச்சுக்குச் செல்லாது. நெறிமுறைக் குழுவிடம் மறுபடி விண்ணப்பித்து, ஏழு வீட்டுக் கதவையும் மறுபடி தட்டினேன். ஆறு வீட்டில் தேத்தண்ணியும் கையொப்பமும் கிடைத்தன. ஏழாவது வீட்டில் தேத்தண்ணி மட்டும். "அப்பான்ரை கதை உங்கடை வகுப்போடை நிக்கட்டும், பிள்ளை" என்றார் அந்த வீட்டு அக்கா. நாலு பக்கம் போனது, எனக்குப் பிடித்த நாலு பக்கம். அன்று பஸ்ஸில் அழுதேன், உண்மைதான். ஆனாலும் அந்த அக்காவுக்கும் என் நன்றி: வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே, கோபப்படாமல் சொன்னதற்கு.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் சொற்களை ஆறாயிரமாக வெட்டிய மாணவப் பதிப்பாசிரியருக்கும், ழகரத்தை ஆங்கில எழுத்தில் எழுதும்போது கீழே கோடு போடும் விசையைக் காட்டித் தந்த நூலக அண்ணாவுக்கும், நேரிலும் தொலைபேசியிலும் "இன்னும் முடியேல்லையோ?" என்று விசாரித்த உற்றார் உறவினர் அனைவருக்கும்.

இங்ஙனம்,
ஸ்காபரோவைப் பிறப்பிடமாகவும் நூலகத்தின் நிலக்கீழ்த் தளத்தை வதிவிடமாகவும் கொண்ட, மேல்மாடி அன்ரியின் பெறாமகள்