எலும்புக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளிர் பக்கங்களில் முகச்சுருக்கம் போக்கும் வழிகளை நிறையப் படிக்கிறோம். சரி, எலும்புக்கு? என் அக்காவுக்கு 54 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயும் என்று அதுவரை யாருமே அவரிடம் சொன்னதில்லை.

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் கூழைக் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, சட்டியில் ஒட்டியதைத்தான் அக்கா வழித்துக் குடிப்பார். அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

வெயிலில் நடப்பது, எடை தூக்கிப் பயிற்சி செய்வது, அப்புறம் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் பற்றியெல்லாம் மருத்துவர்களை எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு பத்தி போதும்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்