விலைப்பலகையில் ஏறாத 4 ரூபாய்

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்துக்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

2017 ஜூனிலிருந்து பெட்ரோல் விலையைத் தினமும் மாற்றுகிறோம், கச்சா எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றீர்கள். ஏறியது. இறங்கிய லட்சணமும் ஊரறிந்ததுதான்: 2020இல் கச்சா எண்ணெய் படுத்துக் கிடந்தபோது கலால் வரியை லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசுக்கு உயர்த்தினீர்கள். அந்தப் பழைய கணக்கைக் கிளற வரவில்லை. பலகையில் ஏறாமலே ஏறிவிட்ட விலையைப் பற்றித்தான் இந்த மடல்.

பெட்ரோல் பங்கில் இன்று ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் அடி வாங்காமல் என்ன செய்யும்? மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது: பழைய வடிவமைப்பு டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதம், பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும்.

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்த பைக், 4 சதவீதம் போனால் 58ஐக்கூடத் தொடாது. சென்னையில் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். ஆக, சத்தமில்லாமல் 4 ரூபாய் ஏற்றியதற்குச் சமம். பலகையில் 4 ரூபாய் ஏற்றியிருந்தால் மறியல் நடந்திருக்கும். கலவையை மாற்றியதால் மெக்கானிக்தான் திட்டு வாங்குகிறார்.

இதில் அதிகம் இழப்பவர் யார்? 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வருவதற்கு முன் வாங்கிய கார்புரேட்டர் வண்டிக்காரர். கலவைக்கு ஏற்ப எரிபொருள் அளவைத் தானே திருத்திக்கொள்ள அந்த வண்டியில் சென்சார் கிடையாது. பால் கேனும் மீன் கூடையும் கட்டிக்கொண்டு விடியலில் கிளம்பும் மொபட்டுகளை எண்ணிப் பாருங்கள். டேங்க் நிரப்பும் வழக்கமே இல்லாதவர்கள். “நூறு ரூபாய்க்குப் போடுங்க” என்பவர்கள். புது வண்டி வாங்கு என்று இவர்களிடம் எந்த வாயால் சொல்வது?

கரும்பு விவசாயிக்குப் பணம் போவதிலோ, எண்ணெய் இறக்குமதி குறைவதிலோ எனக்கு மனத்தாங்கல் இல்லை. (மக்காச்சோள விலையைப் பற்றி நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் வேறு மாதிரி பேசுவார்கள், அது தனிக் கதை.) ஆனால் ஆற்றல் குறைவை ஈடுகட்ட, கலப்பு பெட்ரோலைச் சாதாரண பெட்ரோலைவிட மலிவாக விற்க வேண்டும் என்றதும் அதே நிதி ஆயோக் அறிக்கைதானே? 2025 ஆகஸ்டில் நீங்கள் தந்த பதில்: அன்று எத்தனால் மலிவு, இன்று கொள்முதல் விலையே 71 ரூபாயைத் தாண்டிவிட்டது. அது உங்கள் கொள்முதல் கணக்கு. மைலேஜ் குறைந்தவர் அதற்கு ஏன் மொய் எழுத வேண்டும்?

பிரேசிலில் எத்தனாலும் பெட்ரோலும் ஒரே பங்கில் தனித்தனி விலையில் கிடைக்கும். பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் லாபம் என்று ஓட்டுநர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். நமக்குக் கணக்கும் இல்லை, தேர்வும் இல்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டதால், பந்து உங்கள் பக்கம்தான்.

பழைய வண்டிகள் ஓயும்வரை 10 சதவீதக் கலப்புக்குப் பங்கில் ஒரு குழாய் ஒதுக்குங்கள். முடியாதென்றால் 20 சதவீதக் கலப்பின் விலையை, ஆற்றல் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குக் குறையுங்கள். இரண்டுக்கும் நாளாகும் என்பீர்கள். அதுவரை, பில்லில் அடர்த்தியை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்தில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிடுங்கள். மென்பொருளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
கார்புரேட்டர் வண்டிக்காரர் ஒருவர்