மாளிகைமேட்டுக்கு வழி காட்டுவோம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயிலைப் பார்த்து, சண்டேசருக்கு ஈசன் மாலை சூட்டும் சிற்பத்தைப் படம் எடுத்துக்கொண்டு, தஞ்சைக்கோ சிதம்பரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கோயில் அது. எத்தனை தடவை பார்த்தாலும் தகும். ஆனால் ராஜேந்திர சோழன் இங்கே எழுப்பியது ஒரு தலைநகரம். சோழர் ஆட்சி மறைந்த 1279 வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள் நாடாண்ட நகரம்.

அந்த நகரம் எங்கே என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெயர்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், கடாரங்கொண்டான். பஸ்ஸில் தினமும் டிக்கெட் கேட்டு வாங்கும் பெயர்கள்! கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு. அரண்மனையின் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் அகழாய்வில் வெளிப்பட்டது அங்கேதான். திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று புகழ்ந்த சோழகங்கம், இன்றைய பொன்னேரி. அதன் கரையில் நிற்காமல் திரும்பினால் இந்த ஊரைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இந்தக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போன கல் திரும்பாது. மிச்சமிருப்பதை வருகிறவர்களுக்குக் காட்டவாவது செய்யலாம் என்றுதான் சுற்றுக் கிராமத்தார் சேர்ந்து இந்தக் குழுவை அமைத்திருக்கிறோம்.

கோயில், மாளிகைமேடு, பொன்னேரி மூன்றையும் இணைத்து ஒரு சைக்கிள் சுற்று. வழியில் ஒவ்வொரு ஊரிலும் அதன் பெயர்க்கதை சொல்லும் பலகை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி. இதில்தான் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். வெளியூரிலிருந்து வரும் வழிகாட்டி கோயிலோடு நிறுத்திக்கொள்வார். ஆயுதக்களத்துப் பெண் தன் தெருவிலிருந்தே கதையைத் தொடங்குவாள். வருமானமும் ஊருக்குள் தங்கும்.

நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்பது சட்டம். எனவே நிழல்பந்தலும் கழிப்பறையும் அந்த எல்லைக்கு வெளியே, உரிய அனுமதி பெற்ற பிறகுதான். முதலில் பலகைகளும் பயிற்சியும்.

உங்களால் இயன்றதைக் கொடுங்கள். ஒரு குடும்பம் ஒரு பலகையை ஏற்கலாம், நண்பர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கித் தரலாம். பணம் இல்லையென்றால், வீட்டில் இருக்கும் கோயிலின் பழைய புகைப்படத்தைப் பிரதி எடுக்கக் கொடுத்தாலும் பெரிய உதவி. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவை அக்டோபர் 2 கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிப்போம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் நகலை அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
குழுவினர்