தாத்தாவின் கத்திக்கு விலை கேட்ட மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

இங்கு அனைவரும் நலம். பரணிலிருந்து எடுத்த தாத்தாவின் கத்தி என்ன விலைக்குப் போகும் என்று கேட்டிருந்தாய். சாணைக்காரரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கிப் படம் எடுத்து அனுப்பவும் சொன்னாய். அதை மட்டும் செய்ய மாட்டேன். ஒருமுறை சாணைக்கல் பட்டால் அலகில் ஏறியிருக்கும் கருமையும் சுத்தியல் தடமும் போய்விடும். பழைய கத்தியின் வயதுக்கு அவைதாம் சாட்சி. விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான். செந்துரு பிடித்த இடங்களில் மட்டும் தையல் இயந்திர எண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறேன். தோல் உறையிலும் போடவில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரித்துவிடும்.

செய்தவர் பெயர் எங்கும் இல்லை. பிடிக்குச் சற்று மேலே உளியால் குத்திய மூன்று புள்ளிகள்தாம் இருக்கின்றன. பாலக்கோட்டில் பட்டறை வைத்திருந்த வயதான ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் அலகை விரலால் சுண்டி ஓசையைக் கேட்டார். பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, வெட்டுவாயை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டினார். மென்மையான இரும்பில் உடலை அடித்து, வெட்டும் ஓரத்தில் மட்டும் எஃகை வைத்துக் காய்ச்சி ஒட்டியிருக்கிறார்களாம். எஃகு அரிதாகக் கிடைத்த காலத்து வேலை அது. ஓரம் கூர்மை தாங்கும். முதுகு அடியைத் தாங்கி உடையாமல் நிற்கும். பின்னாளில் லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி அரிவாள், கத்தி அடிக்கத் தொடங்கிய பிறகு இந்த ஒட்டு வேலைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று என்றார். அவர் அந்தக் கோட்டை விரலால் தடவியபடி நெடுநேரம் கத்தியைக் கீழே வைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் குடுவையில், உருக்கிய பழைய எஃகாக இருக்கலாம் என்று உன் நண்பர் ஆசை காட்டினாராம். அந்த எஃகில் அடித்த நல்ல அலகில் நீரலை போன்ற வரிகள் ஓடும். நம் கத்தியில் அது இல்லை. நம் பக்கத்து இரும்பின் பெருமை பெரிது, மறுக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் அறிவித்தார்கள். இந்திய எஃகை விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1819-இலேயே லண்டனில் பகுத்துப் பார்த்தார். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி இந்தக் கத்திக்கு விலை ஏற்றுவது நேர்மையில்லை.

பிடி மான் கொம்பா என்றும் கேட்டாய். மான் கொம்பென்றால் அதை விற்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது எருமைக் கொம்பு. சொரசொரப்பில்லாமல் கறுத்து வழவழவென்று இருக்கிறது. நூறு ஆண்டைக் கடந்த பொருளென்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வந்துவிடும். நீயோ நானோ அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நம்முடையது அவ்வளவு பழையதில்லை. என் அப்பா திருமணம் முடித்த 1950-களில் பென்னாகரம் பக்கத்தில் அடித்தது. அதை அடித்துக் கொடுத்த ஆசாரிக்குக் காசு கொடுக்கும் வழக்கம் இல்லை. களத்தில் கேழ்வரகு அடித்ததும் அவர் பங்கை வள்ளத்தால் அளந்து கொடுப்பார்கள். ஆடுகளுக்குத் தழை ஒடிக்கவும் கயிறு அறுக்கவும் கடைசி வரை அப்பாவின் இடுப்பில் இருந்தது இந்தக் கத்திதான்.

பெயர் பொறித்த கத்தியென்றால் அந்தப் பெயரே விலை பேசும். பெயரில்லாத நம் கத்திக்கு அது வந்த வழிதான் ஆதாரம். வெறும் கத்தியாக நீட்டினால் பழைய இரும்பு என்று எடை போடுவார்கள். யார் வைத்திருந்தார், எந்த ஊரில் அடித்தது, எதற்குப் பயன்பட்டது என்பதெல்லாம் எழுத்தில் இருந்து, கூடவே ஒரு படமும் இருந்தால் வாங்குகிறவர் பேச்சே வேறாக இருக்கும். விற்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எனக்குப் பிறகு இது உன்னுடையது, முடிவும் உன்னுடையது. விவரம் தெரியாமல் மட்டும் கைமாற்றிவிடாதே.

அரூர் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு திருமணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் தாத்தாவின் இடுப்பில் இந்தப் பிடி தெரியும். படச்சட்டத்திலிருந்து எடுத்து, பின்பக்கம் எழுதியிருக்கும் தேதியோடு படம்பிடித்து அனுப்பச் சொல்லி அவளிடம் பேசு. நான் கேட்டால் நாளை நாளை என்பாள். நீ கேட்டால் உடனே செய்வாள். அந்த மூன்று புள்ளிகள் எந்தப் பட்டறையின் அடையாளம் என்று பெரியப்பாவிடமும் கேள். அவருக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா
தருமபுரி