காற்று எங்கே கசிகிறது என்று பார்த்துவிட்டு அடையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களில் வரும் பைக் பராமரிப்புக் குறிப்புகள் என்ஜின் ஆயில், செயின், டயர் காற்று என்பதோடு நின்றுவிடுகின்றன. என்ஜினுக்குள் காற்று போகும் வழியைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் இளைஞர்களோ வீடியோவைப் பார்த்து, ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசிவிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி வீண். சில இடங்களில் கெடுதல்.

காற்றுப் பாதை மூன்று துண்டு. ஃபேரிங் (பைக்கின் வெளிக்கூடு) முகப்பிலிருந்து ஏர் ஃபில்டர் வரை முதல் துண்டு, ஃபில்டரிலிருந்து த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டருக்கு ஏற்பக் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) வரை இரண்டாவது, அங்கிருந்து சிலிண்டர் ஹெட் (என்ஜின் சிலிண்டரின் மேல்பகுதி) வரை மூன்றாவது. இடைவெளி எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் விளைவும் வைத்தியமும்.

முதல் துண்டில் கசிந்தால் என்ஜின் தேயாது, பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. கவாசாகி 1990-இல் இசட்இசட்ஆர் 1100 பைக்கில் கொடுத்த ராம் ஏர் அமைப்பு, எதிர்க்காற்றின் அழுத்தத்தை ஏர் பாக்ஸுக்குள் பிடித்துவைக்கிறது. வேகம் இரட்டித்தால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதம், 200 கி.மீ.யில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, 80 கி.மீ.யில் 0.3 சதவீதம்கூடத் தேறாது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டுபவருக்கு இது ஒரு பொருட்டு. அவிநாசி சாலையில் ஓட்டுபவருக்கு இல்லை. அவர் கவனிக்க வேண்டியது வெப்பம். ஃபேரிங் குழாய்க்கும் ஏர் பாக்ஸ் வாய்க்கும் நடுவே சந்து இருந்தால், நெரிசலில் ரேடியேட்டரின் சூடான காற்று அதன் வழியே உள்ளே போகும். 35 டிகிரி காற்றுக்குப் பதில் 65 டிகிரி காற்று போனால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது.

இந்தச் சந்துக்குச் சிலிக்கான் வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது கிழிந்துவிடும். மூடிய துளை உள்ள இபிடிஎம் அல்லது நியோப்ரீன் (இரண்டும் செயற்கை ரப்பர் வகைகள்) ஃபோம் பட்டை வாங்குங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு போன்றது நீரை உறிஞ்சும், நாளடைவில் உதிர்ந்து ஃபில்டரில் போய் ஒட்டும். 6 மி.மீ. சந்துக்கு 10 மி.மீ. தடிமன் சரி; மூன்றில் ஒரு பங்காவது அமுங்கினால்தான் அடைக்கும். ஒட்டும் பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பட்டையின் இரு முனைகளையும் சாய்வாக வெட்டிப் பொருத்துங்கள். பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயரோ கேபிளோ ஃபோமில் உரசுகிறதா என்று பாருங்கள். குழாயின் அடியில் இருக்கும் சிறு துளைகள் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றை அடைக்கவே கூடாது.

இரண்டாவது துண்டுதான் ஆபத்தானது. 600 சிசி என்ஜின் நிமிடத்துக்கு 14,000 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 70 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஃபில்டரின் விளிம்பில் முடியளவு இடைவெளி இருந்தாலும் நுண்மணல் வடிகட்டப்படாமல் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரம் போல ராவும். வண்டி ஓட்டத்தில் உடனே எதுவும் தெரியாது. ஆயில் குறைந்து, புகை வரத் தொடங்கும்போது தேய்மானம் முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டருக்கு அப்பாலுள்ள சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் நிறம் வந்தால் எங்கோ கசிவு உண்டு. மூடி உட்காரும் விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, மூடி, திருகுகளை இறுக்கி, மறுபடி திறங்கள். எதிர்ப்பக்கத்தில் பதிந்த கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் சந்து. காரணம் பெரும்பாலும் எளிது: ஃபில்டர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், ரப்பர் வளையம் பள்ளத்திலிருந்து வெளியே வந்திருக்கும், பிளாஸ்டிக்கில் திருகு மரை போயிருக்கும். மலிவான ஃபில்டர்களின் விளிம்பு மெல்லியதாக இருப்பதும் உண்டு. ஃபில்டர் விளிம்பில் ரப்பருக்கு ஏற்ற கிரீஸை மெல்லிய கோடாகத் தடவலாம். தப்பி வரும் தூசியை அது பிடித்துக்கொள்ளும். திருகுகளைக் குறுக்கு வரிசையில், கையால், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஏர் பாக்ஸில் விரிசல் விட்டிருந்தால் எம்-சீல் போன்ற எபாக்சி பசை வைக்காதீர்கள். பல ஏர் பாக்ஸ்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் எபாக்சி பிடிக்காது, அதிர்வில் பெயர்ந்து உள்ளேயே விழும். பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம், இல்லையேல் மாற்றலாம். கிரான்க்கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) மூச்சுக் குழாயைக் கழற்றிவிட்டு ஏர் பாக்ஸ் முனையைத் திறந்தபடி விடுவதும், அடியிலுள்ள வடிகுழாயின் மூடியைத் தொலைப்பதும் ஃபில்டரைக் கழற்றி எறிந்ததற்குச் சமம்.

மூன்றாவது துண்டில் இருப்பது இன்டேக் ரப்பர், அதாவது த்ராட்டில் பாடியைச் சிலிண்டர் ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் குழாய். வெப்பத்தில் இறுகி, அதைப் பிடிக்கும் வளையமான கிளாம்புக்குப் பக்கத்தில் வெடிப்பு விடும். அப்போது ஐடிலிங் (நின்றபடி ஓடும் என்ஜினின் சுற்று) ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்டபின் சுற்று மெதுவாக இறங்கும், சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். இதைச் சோதிக்கக் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ சூடான என்ஜினில் அடிப்பது தீ விபத்துக்கு வழி. ஐடிலிங்கில் ஓடும்போது கைத்தெளிப்பானால் ரப்பரைச் சுற்றிச் சிறிது தண்ணீர் தெளித்தால் போதும். ஒயர் இணைப்புகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் படும்போது என்ஜின் ஒலி மாறினால் கசிவு அங்கேதான். இங்கே சிலிக்கான் பூச்சு அறவே கூடாது. பெட்ரோல் பட்டால் அது ஊதிப் பெயரும், பெயர்ந்த துணுக்கு வால்வு வரை போகும், சில வகைகளின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். புது ரப்பர் போடுவதே வழி. கிளாம்பை சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர் வெட்டுப்படும்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஃபில்டர் மாற்றுவதைப் பற்றி எழுதும்போது, ஃபில்டர் உட்காரும் விளிம்பின் படத்தையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். மூடியை மாட்டி 500 கி.மீ. ஓடியபின் மறுபடி திறந்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்போர்ட்ஸ் பைக் பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.