ஒரு சிட்டிகைக் கருமணலுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் ஆய்வேடு போன மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. துருவப் பகுதியின் எரிமலைக் கற்களிலும் மண்ணிலும் இருக்கும் மிக நுண்ணிய பாதரசத்தை அளப்பதுதான் விஷயம். அதன் நன்றிப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அதிகம் உதவியவர்களில் பாதிப் பேருக்கு அதை வாசிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, மண்ணை அனுப்பிய வெளிநாட்டுக் குழுவுக்கு. அந்தாட்டிக்காவின் தென் ஷெட்லண்ட் தீவுகளில் டிசெப்ஷன் என்று ஒரு தீவு. எரிமலை வாய் இடிந்து, கடல் உள்ளே புகுந்து, குதிரை லாடம் போல வளைந்து கிடக்கிறது. 1967, 1969, 1970 என மூன்று முறை வெடித்து, அங்கிருந்த சிலி, பிரித்தானிய நிலையங்களைக் கைவிட வைத்தது. நினைத்த மாத்திரத்தில் யாரும் அங்கே மண் அள்ளிவர முடியாது. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம், ஆராய்ச்சியைத் தவிர எந்தக் கனிம வேலைக்கும் இடம் தருவதில்லை. அப்படிப்பட்ட மண்ணை, முகம் பார்த்திராத ஒரு மாணவியை நம்பி அனுப்பினார்கள். நம் மலைநாட்டுக் கற்கள் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. எரிமலைக் கல் ஒன்றை நான் முதன்முதலில் தொட்டது அந்தப் பொட்டலத்தில்தான். கையுறைக்குள்ளும் சொரசொரத்தது.

நம் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுக் காம்பரா பெரியம்மா, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்து ஒருநாள் கேட்டார்: “ஏன் புள்ள, அம்புட்டுத் தூரத்து மண்ண நீ எதுக்கு அளக்குற?” அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பெரியம்மா. பாதரசம் எரிமலையிலிருந்தும் வரும், நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் வரும். ஆவியாகிக் காற்றில் ஏறிவிட்டால் பல மாதம் சுற்றும். ஆலையே இல்லாத துருவத்திலும் போய் இறங்கும். 1995இல் கனடாவின் வடகோடி அலேர்ட்டில், துருவ இரவு முடிந்து வெயில் திரும்பும் வசந்தத்தில் காற்றிலிருந்த பாதரசம் திடீரென்று குறைவதைக் கண்டார்கள். கடல் பனியிலிருந்து வரும் புரோமின் என்ற மூலகம் அதை மாற்றிக் கீழே இறக்குகிறது. தெற்கிலும் அப்படி நடக்கிறது. ஆக, அங்குள்ள மண்ணில் எரிமலை தந்தது எவ்வளவு, காற்று கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஒழுங்காக அளக்க வேண்டும்.

அளவு எவ்வளவு சின்னது தெரியுமா? நாங்கள் பேசுவது நானோகிராமில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கில். ஒரு கிராம் மண்ணுக்கு ஒரு நானோகிராம் என்றால், ஆயிரம் கிலோ கொழுந்துக்குள் ஒன்றிரண்டு சீனி மணி கிடப்பது போல. புதிய எரிமலைப் பாறையில் பெரும்பாலும் இப்படிச் சில நானோகிராம்தான் இருக்கும்.

இங்கேதான் எங்கள் தொழினுட்ப அலுவலர் ஐயாவை நினைக்கிறேன். மண்ணே வைக்காத வெறும் ஓட்டத்திலும் கருவி பாதரசம் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரம். பாத்திரங்களைக் கழுவினேன், குழாய்களை மாற்றினேன், அழுதேன். ஒரு மாலை அவர் டோர்ச் லைட்டோடு வந்து, “நங்கி (தங்கச்சி), லாச்சியை வெளியே இழு” என்றார். பழைய மேசை லாச்சியின் மூலை இடுக்கில், கடுகைவிடச் சின்னதாக நாலைந்து வெள்ளி மணிகள் உருண்டன. எப்போதோ உடைந்த வெப்பமானியின் பாதரச மிச்சம். அவரே கந்தகத் தூளைத் தூவி, துடைத்து, அடைத்து, மேசையையே அறையை விட்டு அகற்றச் செய்தார். நாலு நாளில் வெற்று அளவு இறங்கியது. ஐயா சிங்களவர், தமிழ் வாசிக்கமாட்டார். இந்தப் பந்தியை நானே அவருக்குச் சொல்லிக் காட்டுவேன்.

அப்புறம் அம்மா.

அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்த காலமெல்லாம், மழை நாளில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். எப்படிக் கழித்தார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தராசு முள்ளை எட்டிப் பார்த்தால் ஏச்சு விழும். ஆய்வுகூடத்திலும் ஈரம் கழிக்கிறோம். ஆனால் பாதரசம் அளக்கும் மண்ணைச் சூடாக்கி உலர்த்தக் கூடாது, பாதரசமும் ஆவியாகப் போய்விடும். அதனால் அதே மண்ணில் வேறொரு பங்கை 105 பாகையில் உலர்த்தி, எவ்வளவு நீர் போனது என்று நிறுத்து, அந்தக் கணக்கைத்தான் கழிப்போம். ஒவ்வொரு கழிவையும் எழுதிவைப்போம். என் குறிப்பேட்டில் ஈரத்துக்கான அந்தப் பத்தியை ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. அதை நிரப்பும்போதெல்லாம் அம்மாவின் நனைந்த படங்குச் சாக்கு கண்ணில் வரும்.

இன்னொன்றும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கருவிக்குள் தங்கம் இருக்கிறது. ஒட்சிசனில் மண்ணைச் சுடும்போது வரும் பாதரச ஆவியைத் தங்கம் பூசிய மணல்தான் பிடித்துவைக்கும். பிறகு அதைச் சூடாக்கி விடுவித்து, பாதரச ஆவி உறிஞ்சும் 253.7 நானோமீற்றர் அலைநீள ஒளி எவ்வளவு மறைகிறது என்று பார்ப்போம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போன வருடத்தில்தான் இதைப் படித்தேன். தோட்டை இப்போது மீட்டாயிற்று.

விடுதிக் காசைத் தாமதமாக வாங்கிக்கொண்ட அக்காவுக்கு, 2022 மின்வெட்டு நாட்களில் கரண்ட் வரும் வரை நடுநிசியிலும் என்னோடு விழித்திருந்த தோழிகளுக்கு, ஆவர்த்தன அட்டவணையில் 80ஆவது கட்டத்தைக் காட்டி “உலோகங்களில் இது மட்டும் ஏன் அறை வெப்பத்தில் திரவம்?” என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிய விஞ்ஞான ஆசிரியருக்கு, எல்லோருக்கும் நன்றி.

ஆய்வேட்டின் ஒரு பிரதியைத் தமிழ்ச் சுருக்கத்தோடு தோட்டத்து வாசிகசாலையில் வைக்கிறேன். தீபாவளி லீவுக்கு வருகிறேன். பெரியம்மா, நீங்கள் தொட்டுப் பார்க்க ஒரு எரிமலைக் கல் துண்டைக் கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன்.

அன்போடு,
உங்கள் பிள்ளை,
பொகவந்தலாவை